பேக்யார்டுக்குள் ஓடும் மூங்கில்: அறிகுறியைப் பார்த்து அகற்றும் வழி

இது அமெரிக்காவின் வடகிழக்கில், கனெக்டிகட், நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கம், சின்ன பேக்யார்டு வைத்திருப்பவர்களுக்காக எழுதுவது. இங்கே வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கு வேலியோரம் அடர்த்தியாக நிற்கும் மூங்கிலைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வரும், மறைப்புக்கும் ஆயிற்று என்று சந்தோஷமாகத்தான் இருக்கும். முதல் ஏப்ரல் கடைசியில், மே தொடக்கத்தில்தான் விஷயம் தெரியவரும். புல்தரை நடுவில், தக்காளிப் பாத்திக்குள், நடைபாதைக் கல் இடுக்கில் என்று கூர்முனையோடு முளைகள் கிளம்பும், ஒரே வாரத்தில் ஆள் உயரம் போகும்.

ஊரில் மூங்கில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது குழப்பமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மலையடிவாரத்தில் நிற்கும் முள் மூங்கிலும் வீட்டு வாசலில் அழகுக்கு வைக்கும் மஞ்சள் மூங்கிலும் தூர் கட்டி நிற்கும் வகைகள். வருடா வருடம் குத்து கொஞ்சம் பருக்குமே தவிர, இடம் விட்டு இடம் போகாது. இங்கே தோட்டங்களில் தொல்லை தருவது பெரும்பாலும் ஃபில்லோஸ்டாக்கிஸ் என்ற சீன வகை. அதிலும் இரண்டு பெயர்கள் அடிக்கடி அடிபடும்: ஃபில்லோஸ்டாக்கிஸ் ஆரியா, ஃபில்லோஸ்டாக்கிஸ் ஆரியோசல்கேட்டா. ஆரியா 1882இல் அலபாமா வழியாக இந்த நாட்டுக்குள் வந்தது. இவற்றின் தண்டு மண்ணுக்கடியில் கிடைமட்டமாக ஓடும், ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு இருக்கும், அந்த மொட்டு மேலே வந்தால் புதுக் கழி, பக்கவாட்டில் போனால் இன்னொரு ஓட்டம். ரைசோம் என்று சொல்லப்படும் இதை இங்கே வேர்த்தண்டு என்றே எழுதுகிறேன்.

கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த முளைக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? வசந்தத்தில் வரும் முளை தன் சொந்த இலையால் வளர்வதில்லை, அதற்கு அப்போது இலையே கிடையாது. போன வருடம் மற்றக் கழிகளின் இலைகள் தயாரித்து வேர்த்தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தின்றுதான் ஆறு, எட்டு வாரத்தில் முழு உயரத்துக்குப் போகிறது. அதற்கப்புறம் அந்தக் கழி உயரமும் ஆகாது, பருக்கவும் செய்யாது. கிளை விட்டு, இலை விரித்து, வாங்கிய கடனை வட்டியோடு வேர்த்தண்டுக்குத் திருப்பிக் கொடுக்கும். அந்தத் திருப்பிக் கொடுத்தல் நடக்காமல் பார்த்துக்கொண்டால் மூங்கில் சாகும். நடக்க விட்டால் நீங்கள் எத்தனை தடவை வெட்டினாலும் வீண்.

முதலில்: உங்களிடம் இருப்பது ஓடும் மூங்கில்தானா?

இதைச் சரியாகப் பார்க்காமல் கடப்பாரையைத் தூக்க வேண்டாம். கழியை விரலால் தடவிப் பாருங்கள். கிளை வரும் கணுவுக்கு மேலே, கழியின் ஒரு பக்கம் தட்டையாக, ஒரு வாய்க்கால் போல் பள்ளம் ஓடினால், ஒரு கணுவிலிருந்து பருமனில் ஒன்றுக்கொன்று வித்தியாசமான இரண்டு கிளைகள் வந்தால், அது ஃபில்லோஸ்டாக்கிஸ். பச்சைக் கழியில் அந்தப் பள்ளம் மட்டும் மஞ்சளாக இருந்தால் ஆரியோசல்கேட்டா. அடிப்பக்கம் கணுக்கள் நெருக்கியடித்து, முடிச்சு முடிச்சாக இருந்தால் ஆரியா. கழி முழுக்க உருண்டையாக இருந்து, ஒரு கணுவிலிருந்து கொத்தாக நிறையக் கிளைகள் வந்தால் அது தூர் கட்டும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை, குத்தைச் சுற்றித் தோண்டிப் பெயர்த்தாலே போதும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஜப்பானிய நாட்வீட் என்ற களை பார்வைக்கு மூங்கில் போலவே கணுவும் உள்கூடும் வைத்திருக்கும். ஆனால் இலை அகலமாக, மண்வெட்டி வாய் வடிவில் இருக்கும், குளிர்காலத்தில் தண்டு முழுக்கக் காய்ந்து பழுப்பாகிவிடும். மூங்கில் பனியிலும் பச்சையாக நிற்கும். நாட்வீடை அகற்றும் முறையே வேறு, இந்தக் கட்டுரையை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

புதருக்கும் முளைக்கும் நடுவே பத்து அடி இடைவெளி

பயப்பட வேண்டியதில்லை, ஆனால் அலட்சியமும் வேண்டாம். அந்த முளை தனிச் செடி அல்ல, தாய்ப்புதரோடு தொடர்பில் இருக்கும் ஒரு வேர்த்தண்டின் நடுப்பகுதி. அநேகமாக அதன் நுனி இன்னும் தள்ளிப் போயிருக்கும், ஏனென்றால் வேர்த்தண்டு ஓடுவது கோடை கடைசியிலும் இலையுதிர்காலத்திலும். இந்த வசந்தத்தில் நீங்கள் பார்ப்பது அது போன வருடமோ அதற்கு முன்னோ கடந்து போன பாதையை.

முளையை மட்டும் காலால் எற்றினால் அது ஒடிந்து விழும். இளசாக இருக்கும்போது கத்தியே தேவையில்லை, ஆனால் வேலை அதோடு முடியாது. முளையின் அடியில் கையளவு மண்ணை விலக்கிப் பாருங்கள், பெரும்பாலும் ஓர் அடி ஆழத்துக்குள்ளேயே விரல் பருமனில், வெளிர்மஞ்சளாக, கணுவுக்குக் கணு வேர் விட்ட தண்டு கிடைக்கும். தாய்ப்புதர் இருக்கும் பக்கம் அதை முதலில் துண்டியுங்கள். இதைச் செய்தவுடனே சாப்பாட்டு வழி அடைபட்டது. அப்புறம் துண்டித்த முனையைத் தூக்கிப் பிடித்து, கடப்பாரையால் நெம்பியபடி எதிர்ப்பக்கம் நுனி வரை போங்கள். மண் ஈரமாக இருந்தால் கயிறு உருவுவது போல் நீளமாக வரும், காய்ந்து கிடந்தால் நடுவில் ஒடிந்துகொண்டே இருக்கும். அதனால் நல்ல மழை பெய்த மறுநாளை இதற்கு ஒதுக்குங்கள். நுனி கூராக, இளசாக, வெள்ளையாக இருக்கும். அது கையில் வந்தால்தான் அந்த ஓட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

தோண்டுவதற்கு முன்னால் 811க்கு போன் செய்யுங்கள். காஸ், மின்சாரம், கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று கோடு போட்டுக் காட்டுவார்கள், காசு கிடையாது. சிலர் கைக்கருவிதானே என்று விட்டுவிடுகிறார்கள். கடப்பாரை காஸ் குழாயில் இறங்கினால் கைக்கருவி என்று அது பார்க்காது. தயவுசெய்து இதை விடாதீர்கள். அவர்கள் குறிப்பது பொதுவாக மீட்டர் வரை வரும் இணைப்புகளைத்தான். நீங்களோ முன்பிருந்தவரோ போட்ட ஸ்பிரிங்க்ளர் குழாய், ஷெட்டுக்குப் போகும் ஒயர் எல்லாம் அதில் வராது, அவற்றை நீங்கள்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வெட்டி விட்டேன், முன்பைவிட அடர்த்தியாக வருகிறது

எப்போது வெட்டினீர்கள்? பெரும்பாலும் பதில் அக்டோபர் அல்லது மார்ச் என்று வரும், வெயில் இல்லாத, வேலை செய்ய வசதியான நேரம். ஆனால் மூங்கிலைப் பொறுத்தவரை அப்போது வேர்த்தண்டில் மாவுச்சத்து நிறைந்து கிடக்கும். நீங்கள் மேலே இருந்ததை எடுத்தீர்கள், கிடங்கைத் தொடவில்லை, வசந்தம் வந்ததும் அது முழு பலத்தோடு முளைக்கிறது.

மூங்கிலின் பலவீனமான நேரம் மே கடைசி, ஜூன். அந்த வருடத்துப் புதுக் கழிகள் எல்லாம் உயர்ந்து, கிளை நீட்டி, இலை இன்னும் விரியாமல் இருக்கும் சில வாரங்கள் அவை. கிடங்கிலிருந்து எல்லாம் செலவாகிவிட்டது, வரவு இன்னும் தொடங்கவில்லை. அப்போது பழைய கழி புதுக் கழி என்று பார்க்காமல் எல்லாவற்றையும் தரையோடு வெட்டுங்கள். ஒரு கழியையாவது அழகுக்கு, மறைப்புக்கு என்று விட்டுவைத்தால் அது முழுப் புதருக்கும் சமைத்துப் போடும், மற்றதை வெட்டியது வீணாகும். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்களுக்கு மனசு வராது, எனக்குப் புரிகிறது, ஜன்னலுக்கு வெளியே திடீரென்று பக்கத்து வீட்டுச் சமையலறை தெரியும். மறைப்பு வேண்டுமானால் தற்காலிகமாக ஒரு மரவேலியோ துணித் திரையோ கட்டிக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் வரும் இரண்டாம் சுற்று முளைகள் மெலிதாக, பென்சில் பருமனில் இருக்கும். அவற்றை இலை விரிவதற்கு முன்பே வாரம் ஒரு தடவை நடந்து பார்த்து ஒடித்துவிட வேண்டும். புல்தரையாக இருந்தால் மோவர் ஓட்டினாலே போதும். முதல் வருடம் கோடை முழுக்க இந்த வேலை இருக்கும், இரண்டாம் வருடம் குறையும், மூன்றாம் வருடம் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். நடுவில் ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் அந்த ஒரு மாதத்தில் விரிந்த இலை அடுத்த வருடத்துக்குச் சேமித்துக் கொடுத்துவிடும். ஜூன், ஜூலையில் இந்தியா போகும் குடும்பங்கள் யாரையாவது இதற்கென்று ஏற்பாடு செய்துவிட்டுப் போவது நல்லது.

வெட்டும் விதத்தில் இரண்டு விஷயம். சாய்வாக வெட்டாதீர்கள். சாய்வாக வெட்டிய மூங்கில் கட்டை செருப்பு என்ன, ஷூவையே துளைத்துக்கொண்டு காலில் ஏறும், குழந்தைகள் ஓடும் இடத்தில் இது ஆபத்து. இரண்டாவது, கணுவுக்கு நேர் மேலே வெட்டுங்கள். நடுவில் வெட்டினால் குழாய் போல் நிற்கும் கட்டையில் மழைநீர் தேங்கி, கொசு முட்டையிடும். தோண்டி எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் மட்டும் முட்டி உயரம் விட்டு வெட்டுங்கள், பெயர்க்கும்போது பிடித்து ஆட்ட உதவும்.

என் இடத்தில் மூங்கிலே இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது

இருப்பதிலேயே பொறுமையைச் சோதிப்பது இதுதான், ஏனென்றால் சாப்பாடு வருவது உங்கள் கைக்கு எட்டாத இடத்திலிருந்து. உங்கள் பக்கம் வரும் முளையை எத்தனை வருடம் ஒடித்தாலும் தாய்ப்புதர் அந்தப் பக்கம் வெயிலில் இலை விரித்து நிற்கும். ஆகவே இங்கே முதல் வேலை வெட்டுவது அல்ல, எல்லையில் தொடர்பை அறுப்பது.

தடுப்புத் தாள், அதாவது வேர்த்தண்டு தாண்டாமல் இருக்க மண்ணில் புதைக்கும் கெட்டிப் பிளாஸ்டிக், போட வசதி இல்லாதவர்களுக்கு நான் சொல்வது பள்ளம். எல்லைக்கோட்டுக்கு உங்கள் பக்கம், ஓர் அடி அகலத்தில், ஓர் அடிக்குக் குறையாத ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். அதில் மணலோ மரத்தூளோ லேசாக நிரப்பினால் யாரும் கால் இடறி விழாமல் இருக்கும், கையாலேயே விலக்கியும் பார்க்கலாம். ஆகஸ்டு கடைசியில் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை விலக்கிப் பார்த்து, குறுக்கே நீட்டியிருக்கும் வேர்த்தண்டுகளை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிடுங்கள். சின்னத் தோட்டத்துக்கு இது அரைநாள் வேலை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஏற்கெனவே வந்துவிட்டவை இப்போது அநாதை, அவற்றை மேலே சொன்ன மாதிரி தோண்டியோ பட்டினி போட்டோ முடித்துவிடலாம்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுங்கள், ஆனால் கோபமாக இருக்கும் மே மாதத்தில் வேண்டாம். பல நேரம் அவர் நட்டதே இல்லை, வீடு வாங்கும்போதே இருந்திருக்கும், அவருக்கும் அது எவ்வளவு தூரம் ஓடும் என்று தெரியாது. உங்கள் பக்கம் தோண்டி எடுத்த ஒரு நீளத் தண்டைக் காட்டினாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும். அவருக்குப் புதர் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளட்டும், எல்லையில் தடுப்பு போடச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேளுங்கள்.

பேச்சு பலிக்கவில்லை என்றால் சட்டமும் இருக்கிறது. கனெக்டிகட்டில் 2013இல் ஓடும் மூங்கிலுக்கென்றே சட்டம் வந்தது. பக்கத்துச் சொத்திலிருந்து 40 அடிக்குள் நடுவதானால் தடுப்போ தரைக்கு மேல் தொட்டியோ இருந்தாக வேண்டும், நட்டவர் அதைத் தன் எல்லை தாண்ட விடக் கூடாது, மீறினால் 100 டாலர் அபராதம், நீடிக்கும் ஒவ்வொரு நாளும் தனி மீறலாகக் கணக்கு. நியூயார்க் மாநிலம் மேலே சொன்ன இரண்டு வகைகளையும் விற்கவும் வாங்கவும் தடை செய்திருக்கிறது. மற்ற இடங்களில் ஊருக்கு ஊர் விதி மாறும், உங்கள் டவுன்ஷிப் அலுவலகத்தில் விசாரியுங்கள். வழக்கு போகும் என்று தோன்றினால் தோண்டுவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள், வேர்த்தண்டு எல்லையைக் கடந்து வரும் இடம் தெளிவாகத் தெரிகிற மாதிரி.

தடுப்பு போட்டும் வெளியே வருகிறது

மூன்று இடங்களைப் பாருங்கள், காரணம் பெரும்பாலும் அவற்றில் ஒன்றுதான்.

மேல் விளிம்பு முதலில். தடுப்புத் தாள் தரைக்கு மேல் இரண்டு அங்குலமாவது தெரிய வேண்டும். காலப்போக்கில் உதிர்ந்த இலை, மல்ச், மண் எல்லாம் சேர்ந்து அந்த விளிம்பை மூடிவிடும், வேர்த்தண்டு அதன் மேலேயே ஏறிக் குதித்துப் போகும். விளிம்பு சுத்தமாக இருந்தால் தாண்டும் தண்டு வெளியே வளைந்து தெரியும், வெட்டிவிடலாம். தடுப்பு என்பது மூங்கிலை நிறுத்தும் சுவர் அல்ல, அதை நம் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு மேலே திருப்பி விடும் ஏற்பாடு. அதனால்தான் தாளின் மேல்பக்கம் மூங்கிலிலிருந்து விலகிச் சாயும்படி புதைக்கச் சொல்கிறார்கள். செங்குத்தாகவோ உள்பக்கம் சாய்ந்தோ இருந்தால் தண்டு கீழே திரும்பி அடியில் புகுந்துவிடும்.

அடுத்தது இணைப்பு. தாளின் இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் சும்மா ஒன்றின் மேல் ஒன்று வைத்துவிட்டு மண்ணைத் தள்ளியிருந்தால் அதுதான் வாசல். உலோகப் பட்டையும் போல்ட்டும் போட்டு, அதற்கென்று விற்கும் ஒட்டுப்பட்டையும் சேர்த்து இறுக்கியிருக்க வேண்டும். வளைவுகளில் கூர்மையான மூலை விட்டிருந்தால் தண்டுகள் அங்கேதான் குவிந்து அழுத்தும், வட்டமாகத் திருப்புவதே நல்லது.

கடைசியாக, எந்தப் பொருள். களை வராமல் இருக்கப் போடும் கருப்புத் துணி, கூரைத் தகரம், செங்கல் வரிசை எதுவும் நிற்காது, துணியை முளை ஊசி மாதிரி குத்திக்கொண்டு வரும். எச்டிபிஇ என்ற கெட்டிப் பிளாஸ்டிக், 60 மில், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் கனம், 30 அங்குல அகலம், இதுதான் குறைந்தபட்சம். காய்கறிக்குப் போட்ட ரெய்ஸ்டு பெட்டுக்குள் முளை வந்தால் அடியில் துணி மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பெட்டியின் உள்ளே தோண்டிப் பயனில்லை, வெளியே எந்தத் திசையிலிருந்து நுழைகிறது என்று பார்த்து அங்கே அறுங்கள்.

மருந்து அடித்தேன், இலை கருகியது, செடி சாகவில்லை

பாட்டிலின் முன்பக்கப் பெயரை விட்டுவிட்டு, செயல்படும் பொருள் என்ன என்று லேபிளில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கடைகளில் வீட்டு உபயோகத்துக்கு வரும் களைக்கொல்லிகளில் பல இப்போது கிளைஃபோசேட் இல்லாமல் வருகின்றன, பழைய பெயர், பழைய பாட்டில் நிறம் அப்படியே இருக்கும். டைக்வாட் இருந்தால் அது பட்ட இடத்தை மட்டும் கருக்கும், வேர்த்தண்டு வரை இறங்காது. டிரைக்ளோபிர் முக்கியமாக அகன்ற இலைச் செடிகளுக்கானது, மூங்கிலோ புல் குடும்பம். இரண்டும் மேலே பார்க்கப் பலன் போலத் தெரியும், கீழே ஒன்றும் ஆகாது.

கிளைஃபோசேட் இலை வழியாக இறங்கி வேர்த்தண்டுக்குப் போகும், ஆனால் நேரம் முக்கியம். பதினைந்து அடி உயரத்தில் நிற்கும் புதருக்கு அண்ணாந்து அடித்தால் பாதி உங்கள் தலையில், மீதி பக்கத்து வீட்டு ரோஜாவில். கோடையில் தரையோடு வெட்டி, மறுபடி வரும் தளிர் மூன்று அடி உயரம் வந்து இலை நன்றாக விரிந்த பிறகு, ஆகஸ்டு கடைசி, செப்டம்பர் வாக்கில் அடிக்க வேண்டும். அப்போதுதான் செடி இலையிலிருந்து கீழே சத்தை அனுப்பிக்கொண்டிருக்கும், மருந்தும் அதோடு சேர்ந்து போகும். வசந்தத்தில் ஓட்டம் கீழிருந்து மேலே, அப்போது அடித்தால் வேருக்குப் போகாது. ஒரே தடவையில் முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள், அடுத்த வருடமும் மிச்சம் இருக்கும். வெட்டிய கட்டையில் தடவுவதானால் வெட்டிய சில நிமிடங்களுக்குள் தடவிவிட வேண்டும், வாய் காய்ந்துவிட்டால் உள்ளே போகாது.

ஒரு எச்சரிக்கை: வேர்த்தண்டு பக்கத்து வீட்டுப் புதரோடு தொடர்பில் இருக்கும்போது மருந்து அடித்தால் அது எல்லை பார்க்காது, அவர் புதர் காய்ந்தால் பிரச்சினை உங்களுக்கு. முதலில் பள்ளம், அப்புறம் மருந்து. இமாசபிர் என்ற பெயர் லேபிளில் இருந்தால் சின்னத் தோட்டத்துக்கு வேண்டவே வேண்டாம். அது மண்ணில் மாதக்கணக்கில் தங்கி, பக்கத்தில் இருக்கும் மரத்தின் வேர் வழியாக மரத்தையும் கொல்லும். உப்பு, வினிகர், பிளீச், கொதிநீர் எல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றும் வைத்தியம். உப்பு போட்டால் மூங்கில் பிழைத்துக்கொள்ளும், உங்கள் மண்தான் கெடும்.

காய்கறி போடும் இடமாக இருந்தால் நான் மருந்தே வேண்டாம் என்பேன். சின்ன இடம்தானே, தோண்டினால் முடிகிற வேலை.

சுவரோரம், பேவர் இடுக்கில், ஏசி யூனிட் பக்கம் முளை

நல்ல நிலையில் இருக்கும் கான்கிரீட் அடித்தளத்தை மூங்கில் உடைக்காது. ஏற்கெனவே இருக்கும் விரிசல், இணைப்பு இடுக்கு, குழாய் நுழையும் துளை, வெளிச்சுவரை மூடும் சைடிங் பலகையின் அடிவிளிம்பு, இவற்றைத்தான் தேடிப் பிடிக்கும். ஆஸ்ஃபால்ட் போட்ட டிரைவ்வேயைத் தூக்கிக்கொண்டு வரும், பேவர் கல்லைப் புரட்டும். இங்கே கடப்பாரையால் நெம்ப இடம் இருக்காது. சுவரிலிருந்து இரண்டு, மூன்று அடி தள்ளித் திறந்த மண்ணில் பள்ளம் போட்டுத் தொடர்பை அறுத்துவிட்டு, இடுக்கில் வருவதை விடாமல் ஒடித்துக்கொண்டே இருங்கள். கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்ட துண்டுக்கு வேறு வழியில் சாப்பாடு வராது, சேமிப்பு தீர்ந்ததும் ஓயும். மேப்பிள் போன்ற பெரிய மரத்தின் வேர்களுக்கு நடுவே மூங்கில் பின்னியிருந்தாலும் இதே முறைதான், மரத்தின் வேரை வெட்டித் தோண்டக் கூடாது.

அடர்ந்த புதரே இருக்கிறது, எங்கே தொடங்குவது?

வெளியிலிருந்து உள்ளே. சுற்றிலும் ஓடிப்போனவற்றை முதலில் எடுத்து எல்லையைச் சுருக்குங்கள், அப்புறம் நடுப்புதர். நடுவில் வேர்த்தண்டுகள் பாய் பின்னியது போல் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும், மண்வெட்டி எகிறிக் குதிக்கும். ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தில், அதாவது பிளேடு முன்னும் பின்னும் ஓடி அறுக்கும் மின்ரம்பத்தில், கிளை வெட்டும் பிளேடு மாட்டி, இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக மண்ணோடு சேர்த்து அறுத்துவிட்டு, ஒவ்வொரு சதுரமாக மேட்டக் என்ற கொத்துக் கோடாலியும் கடப்பாரையும் போட்டு நெம்பி எடுங்கள். மண்ணில் அறுப்பதால் பிளேடு சீக்கிரம் மழுங்கும், விலை குறைந்ததாக நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, கெட்டிக் கையுறை கட்டாயம், காய்ந்த மூங்கில் சிம்பு கையில் ஏறினால் எடுப்பது கஷ்டம்.

ஆள் வைத்துச் செய்வதானால் மினி எக்ஸ்கவேட்டர் கொண்டுவருவார்கள், வேகமாக முடியும். அவர்களிடம் கேட்க வேண்டியது, அடுத்த வசந்தத்தில் முளை வந்தால் திரும்ப வருவீர்களா, அது எழுத்தில் இருக்கிறதா என்பதுதான். மேலே வெட்டி எடுத்துப் போவதை மட்டும் அகற்றுதல் என்று சொல்லும் ஆட்களும் உண்டு.

காத்திருந்தால் மூங்கில் பூத்துத் தானாகச் செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். மிசோரமில் 1959இலும் 2007ஐ ஒட்டியும் மூங்கில் காடே பூத்து மடிந்தது உண்மை, நம் பக்கம் மூங்கிலரிசி கிடைப்பதும் அப்படித்தான். ஆனால் அவை வேறு இனங்கள். ஃபில்லோஸ்டாக்கிஸ் வகைகளில் ஒரு பூப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே நூறு வருடத்துக்கு மேல் ஆவதும் உண்டு. அதை நம்பி உட்கார முடியாது.

எல்லாம் எடுத்த பிறகு புல் மாதிரி குட்டி இலைகள் வருகின்றன

இது நல்ல அறிகுறி. மண்ணில் விட்டுப்போன துண்டுகள் கழி எழுப்பத் தெம்பில்லாமல், கையளவு உயரத்தில் மெல்லிய இலைக்கொத்தை விடுகின்றன. பலர் இதைக் களை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். விடாதீர்கள், இந்தச் சின்ன இலைதான் மறுபடி சேமிப்பைத் தொடங்கும். இழுத்தால் அடியில் இருக்கும் துண்டும் சேர்ந்து வந்துவிடும். வெட்டிப் பாருங்கள், உள்ளே வெளிர்மஞ்சளாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாகி நொறுங்கினால் முடிந்துவிட்டது.

வெட்டிய குப்பையை என்ன செய்வது?

கழிகள் உபயோகமானவை, இலை உதிர்த்துக் காயவைத்தால் அவரைக்கும் புடலைக்கும் பந்தல் போடலாம். அடிமுனையில் வேர்த்தண்டு ஒட்டியிருக்கக் கூடாது, அதை மண்ணில் ஊன்றினால் நீங்களே நட்டது போல் ஆகும். ஓர் அடிக்குள் இருக்கும் இளம் முளைகளை மட்டை உரித்து, நன்றாக வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கலாம், பச்சையாக வேண்டாம். மருந்து அடித்த இடத்து முளையைத் தொடவே கூடாது.

வேர்த்தண்டுகளைக் கம்போஸ்ட் குவியலில் போடாதீர்கள், காட்டோரம் கொண்டுபோய் எறிவது அதைவிட மோசம், அங்கே அது காட்டைப் பிடிக்கும். கான்கிரீட் மீதோ தார்ப்பாய் மீதோ பரப்பி, மண்ணை உதறி, வளைத்தால் படக்கென்று ஒடியும் வரை வெயிலில் காயவிட்டு, அப்புறம் ஊர் விதிப்படி குப்பைக்கு அனுப்புங்கள். கழியைத் தீயில் போட வேண்டாம். மூடிய கணுவுக்குள் இருக்கும் காற்று சூடேறி வெடிக்கும், தெறிக்கும் துண்டு கண்ணில் படலாம்.

எப்போது முடிந்தது என்று சொல்லலாம்?

ஒரு முழு ஏப்ரலும் மேயும் ஜூனும் ஒரு முளைகூட இல்லாமல் கடந்தால். அதுவரை அந்த இடத்தில் புதர்ச் செடி, பழமரம் என்று நிரந்தரமாக எதுவும் வைக்காதீர்கள். அவற்றின் வேருக்குள் மூங்கில் துண்டு மாட்டிக்கொண்டால் தோண்ட முடியாது. சமன் செய்து புல் விதை தூவி விடுங்கள். மேலே இடம் திறந்தே கிடக்கும், முளை வந்தால் கண்ணில் படும், படாவிட்டாலும் வாராவாரம் ஓடும் மோவர் அதை இலை விரிக்க விடாது.